நன்றி தின்ற அத்தியாயம்

செவ்வூரணியில் புத்தகங்கள் பருக்கத் தொடங்கிய வருஷம் ஆடியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அதனால் தன் தேக்கு அலமாரியின் கதவு சாத்த மாட்டேன் என்று நின்றதற்கு மரம் ஊறிப்போனதுதான் காரணம் என்று கொன்றைமணிப் பதிப்பகத்து வயிரவன் பத்து நாள் நம்பிக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் காலையில் கதவுகள் இரண்டும் தாமாகவே திறந்து, மேல்தட்டிலிருந்த புத்தகங்கள் நாலைந்து, பந்தியில் இடம் போதாதவர்களைப் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தரையில் விழுந்தன.

வயிரவனுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. நாற்பது வருஷத்தில் இருநூற்றுப் பதினோரு புத்தகங்கள் போட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் முதலில் பைண்டாகி வரும் பிரதியைத் தனக்கென்று எடுத்து, உள்ளட்டையில் தேதி எழுதி, அந்த அலமாரியில் வைப்பது அவர் வழக்கம். வாசகர்களிடமிருந்து பாராட்டிக் கடிதம் வந்தால், எந்தப் பக்கத்தைப் பாராட்டியிருக்கிறார்களோ அந்தப் பக்கத்திலேயே அதைச் செருகி வைப்பார். போஸ்ட் கார்டு, இன்லண்டு, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த கோடு போட்ட தாள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் என்று எல்லாம் அதில் இருந்தன. குறை சொல்லியும் கடிதங்கள் வரும். அவற்றை ஒருமுறை படித்துவிட்டு அடுப்படிக்கு அனுப்பிவிடுவார். அவர் மனைவி சிகப்பி ஆச்சி அவற்றில் பெருங்காயமும் ஜாதிக்காயும் மடித்து வைப்பார்.

விழுந்த புத்தகங்களில் ஒன்று 'கிணற்று மோட்டார்: பழுதும் பரிகாரமும்.' தொண்ணூற்றாறு பக்கப் புத்தகம் திருப்புகழ் மாதிரி தடித்திருந்தது. பிரித்துப் பார்த்தார். திருமயத்து விவசாயி ஒருவர் எண்பத்தாறாம் வருஷம் எழுதிய கார்டு செருகின இடத்தில் இல்லை. அது நாற்பத்தேழாம் பக்கமாகிவிட்டிருந்தது. புத்தகத்தின் அதே எழுத்தில், அதே மையில் அச்சாகி, நூல் போட்டுத் தைத்து, கீழே நடுவில் பக்க எண்ணும் போட்டிருந்தது. அந்த விவசாயி 'நண்றி' என்று எழுதியிருந்தது இப்போது சரியான 'ன'கரத்தோடு இருந்தது. பழைய நாற்பத்தேழாம் பக்கம் என்ன ஆனது என்று வயிரவன் பார்க்கவில்லை. பாராட்டைப் படித்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அந்த ஞாபகம் வராது.

"சிகப்பி, இங்க வந்து பாரு," என்றார்.

ஆச்சி ஈரக் கையோடு வந்து பார்த்தார். "பைண்டர் வந்தாரா?"

"பைண்டர் செத்துப் பதினோரு வருஷமாச்சு."

"அப்ப அவர் இல்லை," என்று சொல்லிவிட்டு ஆச்சி கத்திரிக்காய் வதங்குவதைப் பார்க்கப் போனார்.

செய்தியை ஊருக்குள் கொண்டுபோனவர் தபால்காரர் மெய்யர். வயிரவன் காட்டியதை அவர் பார்த்தார், ரெஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வாங்கினார், போகிற வழியில் பதினாறு வீடுகளில் சொல்லிவிட்டுப் போனார். கடிதம் புத்தகத்துக்குள் அச்சாகிவிடுவதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இருந்ததாகத் தெரியவில்லை. நெல் முளைக்கிறது, சுவரில் பாசி பிடிக்கிறது, பிள்ளைக்குப் பல் வருகிறது, அதைப் போல இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். யார் யாருடைய கடிதம் ஏறியிருக்கிறது என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி.

முதலில் வந்தவர் அறந்தாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற கம்பவுண்டர் அடைக்கலம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஒரு நாவலைப் படித்துவிட்டு உருக்கமாக ஒரு கடிதம் எழுதிப் போட்டிருந்தார். மனைவியோடு பஸ் ஏறி வந்து, தன் பக்கத்தைக் காட்டச் சொல்லி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றபடியே படித்தார். அவர் மனைவி முந்தானையால் அந்தப் பக்கத்தைத் துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நன்றாகப் பேசி அந்த அம்மாள் கேட்டதில்லை. திரும்பிப் போகும்போது அடைக்கலத்தின் பையை மனைவியே வாங்கித் தூக்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு கூட்டம் வரத் தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் பார்க்கலாம் என்று வயிரவன் நாள் வைத்தார். பேரூராட்சியில் தெரு முக்கில் ஒரு பலகை வைத்து அம்புக்குறி போட்டார்கள். முன்னால் எழுதினவர்கள் தங்கள் பக்கத்தைப் பார்க்க வந்தார்கள், எழுதாமல் விட்டவர்கள் அங்கேயே உட்கார்ந்து எழுதினார்கள். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரைக்குப் பதிலாக நன்றிக் கடிதம் எழுத வைத்து, அறுபத்தொரு கடிதங்களை ஒரே கட்டாகக் கொடுத்தனுப்பினார். எந்தப் புத்தகத்துக்கு என்று அதில் இல்லை. வயிரவன் தன் விருப்பத்துக்குப் பங்கிட்டுச் செருகினார், எல்லாம் ஏறிக்கொண்டன. பேரூராட்சித் தலைவர் ஒரு கவிதைத் தொகுப்புக்கு நன்றி எழுதி, அதில் தன் ஆட்சியில் போட்ட மூன்று சாலைகளையும் குறிப்பிட்டிருந்தார். சம்பந்தம் பேச வந்த இடத்தில், "பையன் வீட்டாளுக எந்தப் புத்தகத்துல இருக்காக?" என்று கேட்பது வழக்கமாயிற்று. இல்லை என்று சொன்ன ஒரு மாப்பிள்ளை அன்றைக்கே வந்து மாட்டு வைத்தியப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் நன்றி எழுதினான். அவன் வீட்டில் மாடு இல்லை.

இரண்டு பக்கம் நன்றி உள்ளே வரும்போது பழைய பக்கம் ஒன்று இடம் விட்டு மறைந்துகொண்டிருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டுமானால் முன்னால் படித்திருக்க வேண்டும்.

உடையப்பன் என்று ஒரு விவசாயி மட்டும் நிஜமாகவே மோட்டார் ரிப்பேராகி, குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வை எப்படிக் கழற்றுவது என்று பார்க்க வந்தார். புத்தகத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டினார். ஃபுட்வால்வைக் கழற்றும் விதத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்காக நாற்பத்திரண்டு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். கழற்றும் விதம் எங்கேயும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்திரண்டு பேருக்கு ஆனது நமக்கும் ஆகாமலா போகும் என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு தாள் வாங்கித் தானும் நன்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டார் ஓடவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனபோது மனசு நிறைந்திருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

வயிரவனுக்கு அது பொற்காலம். காலையில் குளித்து, திருநீறு பூசி, நாற்காலியை அலமாரிக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம் வரை வாசிப்பார். 'தங்கள் பொன்னான பணி', 'தமிழ் கூறும் நல்லுலகம் தங்களுக்கு', 'தங்கள் சேவை தொடர'. ஒரு சுற்று பருத்தார். அந்த வருஷம் புதிதாக ஒரு புத்தகமும் போடவில்லை. போட வேண்டிய தேவை இருப்பதாகவும் அவருக்குத் தோன்றவில்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை பிலோமினா டீச்சர் வந்தார். மற்றவர்களோடு வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், "என் புத்தகம் வேணும் செட்டியாரே," என்றார்.

பிலோமினா டீச்சர் எழுதியது ஒரே ஒரு நாவல். எண்பத்தி நாலில் வயிரவன்தான் போட்டார். பெயர் 'கணக்கெடுக்க வந்தவள்.' மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகும் ஒரு பள்ளிக்கூட டீச்சரின் கதை. ஏழாம் அத்தியாயத்தில் அவள் தன் சொந்த வீட்டுக்கே நோட்டோடு போய் நிற்கிறாள். கணக்கெடுப்புத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மஞ்சள் காமாலையில் செத்துப்போன தங்கையின் பெயரையும், உயிரோடு இருக்கிறவள் என்று எழுதிவிட்டு வருகிறாள். அவள் எழுதி முடிக்கும் வரை அந்த அத்தியாயத்தில் தங்கை உயிரோடு வீட்டில் நடமாடுகிறாள். தங்கையின் பெயர் லூர்துமேரி. டீச்சரின் நிஜத் தங்கையின் பெயரும் அதுதான், அவள் போனதும் அப்படித்தான்.

"உங்க கைவசம் பிரதி இல்லையா டீச்சர்?"

"கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தேன். கடைசிப் பிரதிய மடத்து சிஸ்டர் ஒருத்தங்க வாங்கிட்டுப் போனாங்க, அவங்களும் எறந்துட்டாங்க. உங்க குடோன்ல இருந்ததைக் கரையான் தின்னுடுச்சு. லைப்ரரில கிழிஞ்சதுன்னு கழிச்சுட்டாங்களாம். எனக்குத் தெரிஞ்சு உங்ககிட்ட இருக்கற ஒண்ணுதான் மிச்சம்."

அவருக்கு இடது கண் போய்விட்டிருந்தது. வலது கண்ணுக்குக் கார்த்திகையில் ஆபரேஷன் என்று மதுரையில் நாள் குறித்திருந்தார்கள். பார்வை நிற்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

"அதுக்கு முன்னாடி லூர்துவ ஒருக்காப் பாத்துக்கிடலாம்னு வந்தேன்," என்றார் டீச்சர். "அவளுக்குப் போட்டோ கிடையாது. கோயில் திருவிழால எல்லாரையும் நிக்க வச்சு ஒண்ணு எடுத்தாங்க. அதுலயும் தலையைத் திருப்பிட்டா. ஏழாம் அத்தியாயத்துலதான் இருக்கா."

வயிரவன் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார். அந்த நாவலுக்கு நல்ல நல்ல கடிதங்கள் வந்திருந்தன. டீச்சர் ஜன்னலோரம் போய், புத்தகத்தை வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, ஏழாம் அத்தியாயத்தைத் தேடினார். மேலே 'ஏழு' என்ற எழுத்து இருந்தது. அதன் கீழே, 'ஐயா, லூர்துமேரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. என் உடன்பிறந்தவளைப் பார்த்தது போல் இருந்தது. நன்றி. இங்ஙனம், சூ. அடைக்கலம், கம்பவுண்டர், அறந்தாங்கி' என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவர் லூர்துமேரி தன் கண்ணுக்குள்ளேயே நிற்பதாக எழுதியிருந்தார். அதற்கடுத்த பக்கத்தில் தேவகோட்டை. அதற்கடுத்தது மணப்பாறை. அப்படிப் பதினெட்டுக் கடிதங்கள். அதோடு 'எட்டு' வந்துவிட்டது.

டீச்சர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினெட்டுப் பேர் அவளைப் பாத்திருக்காங்க செட்டியாரே," என்றார். "அவளைத்தான் காணோம்."

வயிரவன் வாங்கிப் புரட்டினார். பிறகு கவிதைத் தொகுப்பை எடுத்துப் புரட்டினார், பிறகு மாட்டு வைத்தியத்தை. ஒவ்வொரு புத்தகத்திலும் தலைப்புகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன. அவற்றின் கீழே ஜனங்கள் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தனை மாதமும் தினம் நாலு மணி நேரம் அந்தப் புத்தகங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் பிளேடால் அடைக்கலத்தின் பக்கத்தை வெட்டி எடுத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் அந்தப் பக்கம் திரும்ப முளைத்திருந்தது, 'நன்றி'க்கு முன்னால் 'மிக்க' என்று ஒரு சொல் கூடியிருந்தது. இனி கடிதம் வாங்குவதில்லை என்று எழுதி ஒட்டினார். இந்த அடக்கத்துக்காகவே நன்றி சொல்லி ஏழு கடிதங்கள் வந்தன. கடைசியில் டீச்சரையும் கூட்டிக்கொண்டு அறந்தாங்கிக்கு பஸ் ஏறினார்.

அடைக்கலம் அவர்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"சொன்ன நன்றிய எப்படிங்க திருப்பி வாங்கறது? சொன்னது சொன்னதுதானங்களே."

"நீங்க வாங்கிக்கிட்டா அந்த இடம் காலியாகும்னு பாக்கறோம்," என்றார் வயிரவன்.

"காலியாகி என்ன செய்ய? அந்தப் பொண்ணு எனக்கு மனப்பாடம். கேளுங்க, நான் சொல்றேன். செவத்த பொண்ணு. ரெட்டைச் சடை. பேசினா பூ உதிர்ற மாதிரி பேசும்."

"கறுப்பு," என்றார் டீச்சர். "ஒத்தைச் சடை. வாயத் தொறந்தா தெரு முனைல கேக்கும்."

"இல்லைங்க டீச்சர். நான் படிச்சவன். அழுதவன்." அடைக்கலம் பணிவாகத்தான் சொன்னார். "நீங்க எழுதி ரொம்ப நாளாச்சுல்ல, மறந்திருப்பீங்க."

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, ரெட்டைச் சடைதான் என்று தலையாட்டினார்.

செவ்வூரணிக்குத் திரும்பி வந்து இறங்கினதும் டீச்சர் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பதிப்பகத்துக்கே வந்து, புத்தகத்தை மறுபடி கேட்டு வாங்கி, இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தலைப்புப் பக்கத்துக்கு அடுத்தே ஒரு கடிதம் இருந்தது. 'மதிப்பிற்குரிய பதிப்பாளர் அவர்களுக்கு, என் நூலை மிகவும் அழகாகவும் பிழையின்றியும் வெளியிட்டமைக்கு என் உளமார்ந்த நன்றி. என்றும் தங்கள் அன்பை மறவாத, பிலோமினா.' வயிரவன் அலமாரியில் செருகிய கடிதங்களிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்தது அது. எழுத்தாளர்களிடமிருந்து நன்றி வருவது அபூர்வம்.

"இதுதான் மொதல்ல வந்த கடுதாசி, இல்லையா?"

"ஆமாம் டீச்சர். புத்தகம் வந்த வாரமே போட்டிருந்தீக."

"பொய்," என்றார் டீச்சர். "எல்லாம் பொய். ஆச்சி, எனக்குக் கொஞ்சம் பேப்பர் குடுங்க."

சிகப்பி ஆச்சி தாளும் பேனாவும் கொடுத்து, சாப்பாட்டு மேஜையைத் துடைத்து விட்டார். டீச்சர் தாளில் மூக்கு படுகிற மாதிரி குனிந்துகொண்டு எழுதினார். ஆச்சி கத்திரிக்காய்க் கோசமல்லியும் இடியாப்பமும் கொண்டுவந்து வைத்தார். இடது கையால் தட்டை நகர்த்திவிட்டு எழுதினார். நாலு மணி சுமாருக்கு நிமிர்ந்தபோது பதினோரு பக்கம் ஆகியிருந்தது. அதை வயிரவனிடம் நீட்டினார்.

"செருகறதுக்கு முன்னாடி வாசிங்க. சத்தமா வாசிங்க. ஆச்சியும் கேக்கட்டும்."

வயிரவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

முதல் பக்கம் அட்டைப் படத்தைப் பற்றியது. கதையில் எங்கேயும் இல்லாத ஒரு பெண் எங்கேயும் இல்லாத ஓர் ஆற்றங்கரையில் குடத்தோடு நிற்கிற படத்தை ஏன் போட்டீர்கள் என்று கேட்டிருந்தார். இரண்டாம் மூன்றாம் பக்கங்களில் அச்சுப் பிழைகள், மொத்தம் அறுபத்து மூன்று. லூர்துமேரி இரண்டு இடத்தில் லூர்துமணி ஆகியிருந்தாள். நாலாம் பக்கம் வெளியீட்டு விழா. எழுதினவளை மூன்றாம் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, மேடையில் எட்டு ஆண்கள் பேசி முடிக்கும்போது மைக்காரர் ஒயரைச் சுற்றத் தொடங்கியிருந்தார் என்று இருந்தது. வயிரவன் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். ஆச்சி செம்பைக் கொடுத்தார்.

"குடிச்சிட்டு மேல வாசிங்க," என்றார் ஆச்சி.

ஏழாம் பக்கத்தில் டீச்சர் இப்படி எழுதியிருந்தார்: 'பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்றும், பன்னிரண்டு ஃபாரத்துக்குள் புத்தகம் அடங்க வேண்டும் என்றும், நாலு பக்கம் மிஞ்சுகிறது என்றும் அச்சகத்தில் உங்களிடம் சொன்னார்களாம். நீங்கள் ஏழாம் அத்தியாயத்தில் நாலு பக்கத்தை எடுத்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் நான் பார்த்தேன். அந்த வாரம் நீங்கள் என்னைப் பார்த்து, எப்படி வந்திருக்கிறது என்று கேட்டீர்கள். முதல் புத்தகம் போட்ட பெண்பிள்ளை வேறு என்ன சொல்லுவாள்? நன்றாக வந்திருக்கிறது என்றேன். நன்றிக் கடிதமும் எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு வரி எனக்கு எழுத வரவில்லை. என் தங்கை இரண்டு தடவை செத்தாள். இரண்டாம் தடவைக்கு நான் நன்றி சொன்னேன்.'

வயிரவனுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காரைக்குடியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போக வேண்டியிருந்தது. அச்சகத்துக்காரர் வாசலில் வந்து நின்றார். வயிரவன் காரில் ஒரு காலை வைத்தபடியே பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தார். விருந்தில் என்ன சாப்பிட்டோம் என்பதுகூட ஞாபகம் இருந்தது. கோடு இழுத்த இடத்தில் என்ன எழுதியிருந்தது என்பது ஞாபகம் இல்லை, ஏனென்றால் அதை அவர் படிக்கவில்லை.

மிச்சம் நாலு பக்கத்தையும் வாசித்து முடித்தார். அந்தப் பதினோரு தாளையும் நாலாக மடித்து, ஏழாம் அத்தியாயத்தில், அடைக்கலத்துக்கு முன்னால் அவரே செருகினார். நாற்பது வருஷத்தில் குறை சொல்லி வந்த கடிதம் ஒன்று அந்த அலமாரிக்குள் போனது அதுதான் முதல் தடவை.

அது அச்சாகவில்லை. டீச்சரின் கையெழுத்தில், நீல மையில், மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் அடைக்கலத்தின் பக்கம் இல்லை. அந்த இடத்தில், 'தெருவில் கடைசி வீடு எங்களுடையது' என்று ஏழாம் அத்தியாயத்தின் முதல் வரி வந்திருந்தது. அடுத்த நாள் பட்டுக்கோட்டைக்காரர் போனார். பிறகு தேவகோட்டை. நாளைக்கு ஒன்று இரண்டாக அவர்கள் எழுந்து இடம் விட்டார்கள்.

மச்சினன் வீட்டாருக்குத் தன் பக்கத்தைக் காட்டுவதற்காக ஒரு வேன் பிடித்து அடைக்கலம் வந்த அன்று சரியாக வெள்ளிக்கிழமை. பக்கத்தைக் காணோம் என்றதும் அவர் முகம் என்னவோ போலாகிவிட்டது. உரக்கப் பேசத் தெரியாத மனுஷர், அதனால் வாசலில் உட்கார்ந்து எழுதினார். முப்பத்தைந்து வருஷம் மரியாதையாக இருந்தவனை மச்சினன் முன்னால் அவமானப்படுத்திய பதிப்பகம் இது என்று தொடங்கி மூன்று பக்கம். வயிரவன் அதை வாங்கி, கும்பிட்டு, டீச்சரின் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் ஏழாம் அத்தியாயத்தில் ஐந்து பக்கம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது.

விஷயம் பரவியதும் தங்கள் பக்கமும் போய்விடுமோ என்று எல்லோரும் வந்தார்கள். அந்தப் பயத்திலேயே கோபம் வந்தது, கோபத்தில் எழுதினார்கள். எழுதினவற்றையெல்லாம் வயிரவன் அந்தந்தப் புத்தகத்தில் வைத்தார். வைக்க வைக்கப் பக்கங்கள் போயின, போகப் போக இன்னும் கோபமாக எழுதினார்கள். தலைமையாசிரியர் கண்டனம் தெரிவித்தார். பேரூராட்சித் தலைவர் லெட்டர்பேடில், முத்திரையோடு, மூன்று சாலைகளையும் இழந்தது பற்றி எழுதினார். மாடில்லாத மாப்பிள்ளை எழுதியதைப் பெண் வீட்டார் முன்னால் படிக்க முடியாது. மெய்யர் தினம் இரண்டு தடவை வந்தார். "முன்னைக்கு இப்ப பை கனமா இருக்கு ஆச்சி," என்று திண்டாடிக்கொண்டே இறக்கி வைத்தார். அந்த இரண்டு மாதத்தில் வயிரவன் வாங்கிய வசவுக்கு வேறொருவர் ஊரை விட்டுப் போயிருப்பார். அவர் ஒரு சுற்று இளைத்தார். ஆனால் ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் வைத்தார்.

மோட்டார் புத்தகத்தில் நாற்பத்தேழாம் பக்கம் திரும்பி வந்தது. உடையப்பன் வந்து அதைப் பார்த்துக் கையில் குறித்துக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் ஃபுட்வால்வைக் கழற்றி மாட்டித் தண்ணீர் பாய்ச்சினார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை, ஒரு வரி எழுதவும் இல்லை.

கார்த்திகை பிறந்தபோது புத்தகங்கள் பழையபடி மெலிந்திருந்தன, அலமாரிக் கதவு சத்தமில்லாமல் சாத்தியது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்றானதும் செவ்வாயும் வெள்ளியும் வெறும் கிழமைகளாகிவிட்டன. முக்கில் இருந்த பலகையைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் கொசு ஒழிப்பு அறிவிப்பு எழுதினார்கள். மக்கள் கோபத்தை மறந்தார்கள், நன்றியையும் மறந்தார்கள். புத்தகங்களில் இப்போது படிப்பதற்கு விஷயம் இருந்தது, அதனால் அவற்றை யாரும் தேடி வரவில்லை.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது டீச்சர் வந்தார். காலை பத்து மணி, நல்ல வெயில். வயிரவன் ஜன்னலோரம் நாற்காலி போட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். டீச்சர் வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார். ஆச்சி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தன் புருஷன் போட்ட புத்தகம் ஒன்றை முதன்முதலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

லூர்துமேரி இருந்தாள். கறுப்பாக, ஒத்தைச் சடையோடு, சிரிப்பதற்கு முன்னால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, தெரு முனைக்குக் கேட்கிற மாதிரி அக்காளைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தாள். டீச்சர் மெதுவாக வாசித்தார், ஓரிடத்தில் ஆச்சி சிரித்தபோது தானும் சிரித்தார். பிறகு, 'லூர்து செம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்' என்ற வரி வந்தது. அடுத்த பத்தி, 'நான் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது' என்று தொடங்கியது.

டீச்சர் அந்த இரண்டு வரிக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"இங்கதான்," என்றார்.

வயிரவன் பக்கத்தில் வந்து பார்த்தார். அச்சில் வந்தது மட்டும்தான் திரும்பியிருந்தது. அவர் கோடு இழுத்தது அச்சிலேயே வரவில்லை.

"கையெழுத்துப் பிரதி இருக்கா செட்டியாரே?"

"இல்லை டீச்சர். அப்பவே பழைய பேப்பரோட போயிருச்சு."

"கொல்லைல அவ என்ன பண்ணான்னு எழுதினேன், எனக்கே ஞாபகமில்லை."

"நான் பண்ணது தப்பு டீச்சர்," என்றார் வயிரவன். இந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி ஆச்சி கேட்டதில்லை, நிமிர்ந்து பார்த்தார். "மறுபடி போடறேன். பிழையெல்லாம் திருத்தி, அந்தக் குடத்தை எடுத்துட்டு."

இதைக் கேட்டு டீச்சர் நன்றி என்று சொல்லிவிடுவாரோ என்று வயிரவனுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. அவர் சொல்லவில்லை.

"பேப்பர் குடுங்க," என்றார்.

அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அதே மாதிரி மூக்கு படக் குனிந்து எழுதத் தொடங்கினார். வயிரவன் எதிரே உட்கார்ந்தார். தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளைப் படிக்க முயன்றுகொண்டே பக்கங்களை மனசுக்குள் எண்ணினார். மூன்றானது, நாலானது. நாலோடு நிற்கும் என்று நினைத்தார், நிற்கவில்லை. ஐந்தாம் பக்கத்தில் டீச்சர் ஒருமுறை தானாகச் சிரித்துக்கொண்டார். ஆறாம் பக்கம் போனபோது ஆச்சி சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல், தானும் வந்து உட்கார்ந்தார்.

இது எத்தனை ஃபாரம் வரும், எங்கே போய் முட்டும் என்று வயிரவனுக்குக் கணக்குத் தெரியும். நாற்பது வருஷப் பழக்கம், உதடு வரை வந்தது. ஏழாம் பக்கத்திலும் லூர்துமேரி கொல்லையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. செம்பைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, செம்பருத்திக்குப் பாத்தி கட்டிக்கொண்டு, உள்ளே நோட்டோடு உட்கார்ந்திருக்கும் அக்காளை உரக்க ஏதோ கேலி செய்துகொண்டிருந்தாள்.

வயிரவன் எழுந்து போய் இன்னும் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்து டீச்சரின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார்.